அரைக் கச்சையும் அமிலப் போர்வையும்

வயது வந்த ஒருவர் டயப்பர் அணிகிறார் என்று கேட்ட மாத்திரத்தில் நம் மனத்தில் எழுவது, நடமாட இயலாமல் படுக்கையில் கிடக்கும் ஒரு முதியவரின் உருவமே. அந்த உருவம் பொய்யன்று என்றாலும் அதுவே முழு உண்மையும் அன்று. பிராஸ்டேட் சுரப்பியில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, சிறுநீர்க் கட்டுப்பாடு மீளும்வரை வீட்டுக்குள் முடங்கிக் கிடக்க மனமில்லாமல் அலுவலகத்துக்குத் திரும்பிவிடும் மனிதர். முதுகுத்தண்டில் அடிபட்ட பிறகு, காலமெல்லாம் கதீட்டர் குழாயைச் சுமப்பதைக் காட்டிலும் இதுவே மேல் என்று வைத்தியரோடு கலந்து தீர்மானித்தவர். கழிப்பறை இல்லாத பேருந்தில் இரவெல்லாம் பிரயாணம் செய்ய வேண்டியிருப்பதால் அந்த ஓர் இரவுக்கு மட்டும் இதை நாடும் பெண்மணி. வியாதி ஏதும் இல்லாமலே, இதை அணிந்திருப்பது தம் மனத்துக்கு அமைதி தருகிறது என்ற ஒரே காரணத்தால் அணிபவர். இப்படித் தாமாகவே யோசித்து இதைத் தேர்ந்துகொண்டவர்களும் உலகில் பலர் உண்டு. அவர்கள் ஏன் அணிகிறார்கள் என்று விசாரிப்பது நம் வேலையன்று. அணிந்தபின் அவர்களுடைய சருமத்தில் நிகழ்வது என்ன, அதற்கேற்ப அவர்களுடைய தினசரி ஒழுங்கு எவ்வாறு அமைய வேண்டும் என்பதே விஞ்ஞானத்துக்கு உரிய கேள்வி. அதற்குக் கிடைத்திருக்கும் பதிலோ நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருப்பதற்கு மாறானது.

விரும்பி அணிபவர்களில் உலகறிந்தவர்கள் விண்வெளி வீரர்கள். 1961 மே 5 அன்று அமெரிக்காவின் முதல் விண்வெளி யாத்திரிகராக ஆலன் ஷெப்பர்ட் ராக்கெட்டின் உச்சியில் அமர்ந்தபோது, பிரயாணமே கால் மணி நேரந்தான் என்பதால் சிறுநீருக்கென்று எந்த ஏற்பாடும் செய்யப்படவில்லை. புறப்பாடு மணிக்கணக்கில் தாமதமாகவே, அவர் அனுமதி கேட்டு, உடலில் ஒட்டியிருந்த மருத்துவக் கருவிகளுக்குச் செல்லும் மின்சாரத்தை நிறுத்தச் செய்துவிட்டு, அணிந்திருந்த உடையிலேயே கழிக்க நேர்ந்தது. பின்னர் வந்தவர்களுக்கு உறையும் பையும் கொண்ட ஒரு சாதனம் தரப்பட்டது. ஆனால் அது ஆணுடலுக்கு மட்டுமே பொருந்துவது. 1983-இல் ஸாலி ரைட் என்னும் பெண்மணி விண்வெளி ஓடத்தில் சென்ற காலத்தை ஒட்டிப் பெண்களுக்காக, உறிஞ்சு பொருள் வைத்துத் தைத்த அரைக்கால் சட்டை போன்ற ஒன்று உருவாயிற்று. 1988 முதல் அதனிடத்தில், மருந்துக் கடையில் விற்கும் பெரியவர்களின் டயப்பரைப் பெரிதும் ஒத்த ஒன்று வந்து சேர்ந்தது. இதில் விசேஷம் என்னவென்றால், தமக்கென்று தனிச் சாதனம் வைத்திருந்த ஆண்களும் நாளடைவில் அதை ஒதுக்கிவிட்டு இதையே ஏற்றுக்கொண்டார்கள். ராக்கெட் புறப்படும்போதும், பூமிக்குத் திரும்பும்போதும், கலத்துக்கு வெளியே மிதந்தபடி 6 முதல் 8 மணி நேரம் வேலை செய்யும்போதும், திடகாத்திரமான தேகமும் கடும் பயிற்சியும் உடைய மனிதர்கள் அணிந்திருப்பது இதைத்தான்.

பஞ்சும் துணியும் ஜலத்தைத் தம் இழைகளுக்கு நடுவே ஏந்தி வைத்திருப்பவை, அழுத்தினால் விட்டுவிடும். டயப்பரின் நடுப்பகுதியில் மரக்கூழோடு கலந்திருக்கும் வெண்ணிறப் பொடி அத்தகையதன்று. சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் அந்தப் பொருளின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். ஆங்காங்கே ஒன்றோடொன்று முடிச்சிட்டவை. ஜலம் பட்டதும் சங்கிலியோடு ஒட்டியிருந்த சோடியம் அயனிகள் அவிழ்ந்து நிற்க, உள்ளே உப்புச் செறிவு மிகுந்துவிடுகிறது. அதைச் சமன் செய்ய வெளியிலிருந்து ஜலம் பாய்கிறது. எதிர் மின்னேற்றம் பெற்ற சங்கிலிகள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு விரிகின்றன. முடிச்சுகள் இருப்பதால் கரைந்து ஓடிவிடாமல் கூழாகி நிற்கின்றன. இந்த வகைப் பொருள்களின் ஆரம்ப ஆராய்ச்சிகளில் ஒன்று, 1960-களில் அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த பியோரியா நகர ஆய்வுக்கூடத்தில் நடந்தது. மக்காச்சோள மாவோடு செயற்கை ரசாயனத்தை இணைத்து, வறண்ட மண்ணில் ஈரத்தைப் பிடித்து வைக்கலாகுமா என்பதே அவர்களுடைய கவலையாயிருந்தது. அரையில் அணியும் ஆடையைப் பற்றி அவர்கள் நினைத்தேயிருக்க மாட்டார்கள்.

ஒரு புது டயப்பரைச் செய்தித்தாளின்மேல் விரித்து, நடுவே கத்தரித்து உதறினால், பஞ்சோடு கூடச் சர்க்கரையினும் நுண்ணிய மணிகள் உதிரும். அவற்றில் அரைத் தேக்கரண்டியை ஒரு கண்ணாடித் தம்ளரில் இட்டு, பாட்டரிக்கு ஊற்றுகிற வடித்த ஜலத்தை அரைத் தம்ளர் விட்டால், சிறிது நேரத்தில் அது இறுகித் தம்ளரைக் கவிழ்த்தாலும் விழாத கூழாகிவிடும். அதன்மேல் ஒரு சிட்டிகை உப்பைத் தூவிக் கிளறுங்கள். உறைந்து நின்றது மெல்லத் தளர்ந்து, நீர் பிரிந்து, கலங்கலாகச் சரியும். வெளியிலும் உப்பு வந்துவிட்டதால் ஜலத்தை உள்ளே இழுத்த காரணம் பலவீனப்பட்டுவிட்டது. சிறுநீர் உப்புக் கரைசல் என்பதை நினைத்தால் இதன் முக்கியத்துவம் விளங்கும். சுத்த ஜலத்தில் தன் எடையைப்போல் சில நூறு மடங்கு ஏந்தும் இந்தப் பொடி, சிறுநீரில் ஏறக்குறைய 30 மடங்கோடு நின்றுவிடுகிறது. அமர்ந்த தேகத்தின் பாரம் அதையும் குறைக்கிறது. உறையின்மேல் அச்சிட்டிருக்கும் கொள்ளளவோ, பெரும்பாலும் முழுப் பொருளையும் திரவத்தில் அமிழ்த்தி எடுத்து அளந்தது. பெரியவர் ஒருவரின் சிறுநீர்ப்பை ஒரே தடவையில் 400 அல்லது 500 மில்லிலிட்டர் இறக்கக்கூடியது. ஆகவே, ‘பத்து மணி நேரம்’ என்று விளம்பரம் சொன்னால், அது பொடியின் சாமர்த்தியத்தைச் சொல்கிறதேயன்றித் தோலின் பொறுமையைச் சொல்லவில்லை என்று கொள்ள வேண்டும்.

வெளிப்புறத் தாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய டயப்பர்களில் அது வெறும் பிளாஸ்டிக். இன்றைய நல்ல வகைகளில் சுண்ணாம்புக்கல் பொடி கலந்த பிளாஸ்டிக்கை இழுத்து நீட்டி, ஒவ்வொரு துகளையும் சுற்றி நுண்துளைகள் ஏற்படச் செய்கிறார்கள். துளியாக உள்ள நீர் அதன் வழியே வராது; ஆவி வரும். வெயில் காலத்தில் வியர்த்துக் கொட்டும் நம் ஊர்களில் விலையைப் பாராமல் இந்த ஒரு குணத்தைப் பார்த்து வாங்குவது புத்திசாலித்தனம். கையால் தடவிப் பார்த்தால் துணிபோல் மெத்தென்றிருக்கும் என்பதை மட்டும் நம்ப வேண்டாம்; மெத்தென்றிருப்பதெல்லாம் காற்றுப் புகுவதன்று. ‘ஆவி புகும் வகை’ என்று உறையில் குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்க்கலாம்.

இனித் தோலுக்கு வருவோம். விஷயத்தின் மர்மம் அங்கேதான் இருக்கிறது. சருமத்தின் மிக மேற்புற அடுக்கு, தேகத்தின் பெரும்பாலான இடங்களில், ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கைத் தாண்டாத மெல்லிய படலம். உயிரிழந்து தட்டையான செல்கள் செங்கற்களாகவும், அவற்றினிடையே உள்ள கொழுப்புப் பொருள்கள் காரையாகவும் அமைந்த சுவர் அது. இந்தச் சுவரின் வெளிமுகம் எப்போதும் சற்றே அமிலமாயிருக்கிறது, பி.எச். அளவில் ஏறக்குறைய 4.5 முதல் 5.5 வரை. ஜெர்மனியில் ஷாடே, மார்க்கியோனினி என்னும் இருவர் 1928-இல் இதற்கு ‘அமிலப் போர்வை’ என்று பெயரிட்டார்கள். காரையைத் தயாரிக்கும் நொதிகள் வேலை செய்வதற்கு அந்த அமிலம் வேண்டும். தோலில் குடியிருக்கும் சாதுவான கிருமிகள் செழிப்பதற்கும், துஷ்டக் கிருமிகள் தலையெடுக்காமலிருப்பதற்கும் அதுவே வேண்டும். ஈரம் நெடுநேரம் தங்கினால் செங்கற்கள் ஊறிப் பருக்கின்றன. ஊறிய தோல் துணியோடு அதிகமாக உராய்கிறது. சாதாரணமாக உள்ளே புகவொண்ணாதவையும் புகத் தொடங்குகின்றன.

டயப்பர் அணிபவர்க்கு உண்டாகும் புண்ணுக்குக் காரணம் என்னவென்பதில் விஞ்ஞானிகள் நெடுங்காலம் ஒரு தவறான பாதையில் நடந்தார்கள். 1921-இல் குக் என்னும் அமெரிக்க வைத்தியர், குழந்தைகளின் மலத்திலுள்ள ஒரு பாக்டீரியா சிறுநீரின் யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்குகிறது என்று கண்டு, அந்த அம்மோனியாவே தோலைச் சுடுகிறது என்றார். மூக்கைத் துளைக்கும் அந்த நெடியைக் கண்டவர்களுக்கு இது சந்தேகத்துக்கு இடமில்லாத முடிவாகவே தோன்றியிருக்கும். அரை நூற்றாண்டுக்கு மேல் அது பாடமாக இருந்தது. 1977-இல் லெய்டனும் அவருடைய சகாக்களும் புண் உள்ள குழந்தைகளையும் இல்லாத குழந்தைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, இரு சாராரிடத்திலும் அம்மோனியாவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. உண்மையான குற்றவாளியை 1986-இல் பெர்க், பக்கிங்ஹாம் முதலியோர் ரோமமில்லாத எலிகளின் தோலில் நடத்திய பரிசோதனைகள் அடையாளம் காட்டின. மலத்தில், உணவின் புரதத்தையும் கொழுப்பையும் ஜீரணிப்பதற்காகக் கணையம் சுரந்த நொதிகளின் மிச்சம் இருக்கிறது. அமிலச் சூழலில் அவை சோம்பிக் கிடக்கும். மலத்துக் கிருமிகள் சிறுநீரின் யூரியாவை அம்மோனியாவாக்கும்போது சூழல் காரமாகிறது; காரம் ஏறியதும் அந்த நொதிகள் விழித்துக்கொண்டு, எந்த வேலைக்காகப் படைக்கப்பட்டனவோ அதையே, அதாவது புரதத்தையும் கொழுப்பையும் அரிப்பதை, நம் தோலின்மேல் செய்யத் தொடங்குகின்றன. அம்மோனியா கதவைத் திறந்துவிட்டதேயொழியக் கொள்ளையடித்தது வேறொன்று.

தினசரி ஒழுங்கின் முதல் விதி இந்த ரசாயனத்திலிருந்தே பிறக்கிறது. சிறுநீர் மட்டுமே எனில், நல்ல டயப்பர் அதைத் தோலிலிருந்து விலக்கி வைத்திருக்கும்வரை அவசரமில்லை. விழித்திருக்கும் வேளையில் மூன்று நான்கு மணிக்கு ஒரு முறை பார்த்து, கனத்திருந்தால் மாற்றினால் போதும். பல டயப்பர்களின் அடியில் ஓடும் மஞ்சள் கோடு நனைந்ததும் நீலமாவது இதற்கு உபகாரமாக இருக்கிறது. மலம் எனில், அதற்கு மணிக்கணக்கே கிடையாது. உடனே மாற்ற வேண்டும். ஆகையால்தான், விரும்பி அணிபவர்களிலும் அனுபவமுள்ளவர்கள், மலத்துக்குக் காலையில் வழக்கமான நேரத்தில் கழிப்பறைக்கே சென்றுவிட்டு, டயப்பரைச் சிறுநீருக்கு மட்டும் ஒதுக்கி வைக்கிறார்கள். இயலக்கூடியவர்களுக்கு இதைவிட நல்ல வழக்கம் வேறில்லை.

மாற்றும்போது சுத்தம் செய்யும் முறையில் இரண்டு தேசங்களின் பழக்கங்கள் இரண்டு விதமான பிழைகளைச் செய்கின்றன. காகிதத்தால் துடைக்கும் மேல்நாட்டார் தேய்த்துத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்குகிறார்கள். ஜலத்தால் கழுவும் நாமோ, அவர்களைக் காட்டிலும் சுத்தமாகக் கழுவிவிட்டு, ஈரம் உலருமுன்பே உடுத்திக்கொள்கிறோம். வெதுவெதுப்பான ஜலத்தை மென்மையாக ஊற்றி, பெண்களாயின் எப்போதும் முன்னிருந்து பின்னாகவே கழுவி (பின்னிருந்து முன்னாக வந்தால் குடலின் கிருமி சிறுநீர்த் துவாரத்தை அடைந்துவிடும்), ஆண்களாயின் முன்தோலின் மடிப்பையும் விட்டுவிடாமல் அலசி, பிறகு ஒரு மெல்லிய பருத்தித் துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். தொடையிடுக்கு, விதைப்பையின் அடிப்பக்கம், பருத்த தேகமாயின் அடிவயிற்று மடிப்பு. இவை மூன்றும் எல்லாரும் மறக்கும் இடங்கள். துணி விலக்கி ஐந்து பத்து நிமிஷம் காற்றாட விடுவது எந்தக் களிம்பும் தராத நன்மையைத் தரும்.

குளியல் சோப்பை ஒவ்வொரு முறையும் போட வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். சாதாரண சோப்பின் பி.எச். 9-க்கும் 10-க்கும் இடையில் இருக்கிறது; ஒரு தடவை தேய்த்தால் அமிலப் போர்வை மீண்டும் பழைய நிலையை அடைய மணிக்கணக்காகலாம். நாளொன்றுக்கு ஐந்து முறை சோப்பிட்டுக் கழுவுபவருடைய தோல், அமிலம் என்பதையே காணாமல் போய்விடும். சுத்தத்தில் அதிசிரத்தை உள்ளவர்களுக்கே புண் வருகிற விந்தைக்கு இதுவும் ஒரு காரணம். ஸ்நானத்தின்போது ஒரு முறை, அதுவும் தோலின் பி.எச். அளவுக்கு ஏற்பச் செய்யப்பட்ட திரவமாயிருந்தால் நல்லது. மற்ற வேளைகளில் ஜலமே போதும். கிருமிநாசினி கலந்த ஜலம், டெட்டால், வாசனைத் திரவியம் தோய்ந்த ஈரத் துடைப்பான் ஆகியவை அவ்விடத்துக்கு உரியவை அல்ல.

ஒற்றி உலர்த்திய பிறகு ஒரு காப்புப் படலம் இட வேண்டும். துத்தநாக ஆக்ஸைடு களிம்போ, வாஸலினோ, டைமெதிகோன் கலந்த கிரீமோ எதுவாயினும் தத்துவம் ஒன்றே: ஈரத்துக்கும் தோலுக்கும் நடுவே ஒரு திரை. அதை இடுகிற அளவில்தான் பலர் அத்து மீறுகிறார்கள். விரல் நுனியில் ஒரு பட்டாணி அளவு எடுத்து, தோலின்மேல் பளபளப்பு மட்டும் தெரியும்படி பரப்பினால் போதும். கனமாக அப்பினால் அது டயப்பரின் மேல் தாளில் படிந்து, உறிஞ்சும் துளைகளை அடைத்துவிடும். பிறகு ஒழுகுகிறது என்று கம்பெனியை நொந்து பயனில்லை. துத்தநாகக் களிம்பின் வெள்ளைப் பூச்சை ஒவ்வொரு தடவையும் சுரண்டி எடுக்கத் தேவையுமில்லை; அழுக்குப் பட்ட மேற்பரப்பை மட்டும் துடைத்துவிட்டு அதன்மேலேயே இடலாம். பவுடர் வேண்டவே வேண்டாம். அது வியர்வையோடு சேர்ந்து மடிப்புகளில் உருண்டு உராயும். தூவும்போது மூச்சிலும் கலக்கும்.

இத்தனைக்குப் பிறகும் சில சமயம் தோல் சிவக்கும். சிவப்பு, புடைத்திருக்கும் இடங்களில் மட்டும் இருந்து, மடிப்பின் உட்புறம் தப்பியிருந்தால், அநேகமாக உராய்வும் ஈரமுமே காரணம். அடிக்கடி மாற்றுவதும் காற்றாட விடுவதும் இரண்டொரு நாளில் தணித்துவிடும். மடிப்பின் ஆழத்தில் நன்றாகச் சிவந்து, அந்தச் சிவப்பின் எல்லைக்கு வெளியே சின்னஞ்சிறு புள்ளிகள் உதிரியாகத் தெரிந்தால், அது கேண்டிடா என்னும் பூஞ்சையாக இருக்கலாம். அதற்கு க்ளோட்ரிமசோல் போன்ற பூஞ்சைக் கொல்லி வேண்டும். இங்கே நம் நாட்டில் ஓர் அபாயம் இருக்கிறது. அரிப்பு என்று சொன்னவுடன் மருந்துக் கடையில் எடுத்துக் கொடுக்கும் கலப்புக் களிம்புகள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அரிப்பு அன்றே அடங்கும். பூஞ்சையோ மறைவாகப் பரவும். போதாக்குறைக்கு, மூடிக் கட்டிய தோல் திறந்த தோலைக் காட்டிலும் அதிகமாக ஸ்டீராய்டை உள்ளிழுக்கும். தோல் மெலிந்து கோடு கோடாக வரி விழும். மூன்று நாளில் தணியாத சிவப்பைக் கடைக்காரரிடம் காட்டாமல் தோல் வைத்தியரிடம் காட்டுவதே உத்தமம்.

அணிபவர்கள் செய்யும் மற்றொரு பிசகு, தண்ணீர் குடிப்பதைக் குறைப்பது. குறைவாகக் குடித்தால் குறைவாக நனையும் என்ற கணக்கு காகிதத்தில் சரிதான். தேகமோ அந்தக் கணக்கை ஒப்புக்கொள்வதில்லை. செறிந்த சிறுநீர் சிறுநீர்ப்பையைச் சீண்டி, அடிக்கடி போகச் செய்கிறது, வாடையும் அதிகம், மலச்சிக்கல் கூடி, இறுகிய குடல் சிறுநீர்ப்பையை நெருக்குகிறது. பகலில் வழக்கம்போல் குடித்து, படுக்கைக்குமுன் இரண்டு மணி நேரம் காபியும் தேநீரும் நிறுத்தினால் போதும். இயன்றபோது கழிப்பறையைப் பயன்படுத்தி வருவதும், இடுப்படித் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைச் செய்து வருவதும் நல்லவை. ஆர்னால்ட் கெகல் என்னும் வைத்தியர் 1948-இல் விவரித்த பயிற்சி அது. நாற்காலியில் அமர்ந்தபடியே, பக்கத்திலிருப்பவர் அறியாமல் செய்யலாம்.

அளவைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. பெரியதாக வாங்கினால் அதிகம் பிடிக்கும் என்று எண்ணுவது பிழை. தொடையைச் சுற்றி நிற்கும் மடிப்புகள் தோலோடு இழையாவிட்டால் எந்த டயப்பரும் ஒழுகும். இடுப்பையும் தொடையையும் நாடாவால் அளந்து வாங்க வேண்டும். நடமாடுபவர்க்குக் கால்சட்டைபோல் ஏற்றிக்கொள்ளும் பேன்ட் வகையும், இரவுக்குப் பக்கங்களில் ஒட்டும் டேப் வகையும் ஏற்றவை. பக்கவாட்டில் சாய்ந்து உறங்குபவர்க்கு ஒழுகுவது பெரும்பாலும் இடுப்போரத்தில்தான். ஆகவே டேப்பை ஒட்டுகையில் கீழ்ப்புறத்து டேப்பைச் சற்று மேல்நோக்கியும் மேல்புறத்து டேப்பைச் சற்றுக் கீழ்நோக்கியும் இழுத்து ஒட்டுவது தாதிமார் கையாளும் உபாயம்.

இவ்வளவையும் செய்த பிறகு மிஞ்சுவது, கழற்றியதை என்ன செய்வது என்ற பிரச்சினை. வயோதிகர் தொகை மிகுந்த ஜப்பானில் இது ஒரு தேசப் பிரச்சினையாகவே ஆகிவிட்டது. அங்கே ஓஜி என்னும் பெரிய காகித நிறுவனம், உள்நாட்டில் குழந்தைகளின் டயப்பர் செய்வதை விட்டுவிட்டுப் பெரியவர்களின் டயப்பரில் கவனம் செலுத்தப்போவதாக 2024-இல் அறிவித்தது. தோத்தோரி மாகாணத்தின் ஹோகி என்ற சிற்றூர், முதியோர் இல்லங்களில் சேரும் டயப்பர்களை உலர்த்தி நொறுக்கி எரிபொருள் உருண்டைகளாக்குகிறது. ககோஷிமா மாகாணத்தின் ஷிபுஷி நகரம், மரக்கூழைத் தனியே பிரித்து மறுபடி பயன்படுத்தும் முயற்சியில் இறங்கியிருக்கிறது. நம் தேசத்தில் திடக்கழிவு மேலாண்மை விதிகள், டயப்பரைச் சுகாதாரக் கழிவு என்று வகுத்து, நன்றாகச் சுற்றிக் கட்டியே தர வேண்டும் என்று சொல்கின்றன. விதி இருப்பதை அறிந்தவர்கள்தாம் அருமை. கழிப்பறையில் போட்டால் பொடி குழாயினுள் ஊதிக்கொண்டு அடைத்துவிடும். கொல்லையில் கொளுத்தினால் பிளாஸ்டிக் புகைதான் மிச்சம். மலம் இருந்தால் அதை மட்டும் கழிப்பறையில் தட்டிவிட்டு, டயப்பரை முன்னிருந்து பின்னாக இறுகச் சுருட்டி, அதன் டேப்பாலேயே ஒட்டி, செய்தித்தாளில் பொதிந்து, குப்பையைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளர் திறந்து பாராமலே இன்னதென்று தெரிந்துகொள்ளும்படி மேலே ஒரு சிவப்புக் குறி இட்டுத் தனியே கொடுக்கலாம். பிறகு கையைக் கழுவ வேண்டும். இங்கே மட்டும் சாதாரண சோப்பையே நுரை பொங்கப் போட்டு, நகக்கண்ணுக்குள்ளும் தேய்த்து, தாராளமாகக் கழுவலாம். அமிலப் போர்வையைப் பற்றிய கவலை இந்த ஓர் இடத்துக்கு வேண்டாம்.